கடன் தீர்ந்த மெஷினும் தேய்கிறது

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அந்த மெஷினுக்கு டியூ முடிஞ்சுதுங்க. இனி அதுல வர்றது பூரா லாபந்தானுங்க." கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. டியூ முடிந்த மாதத்திலும் ஸ்பிண்டில் பேரிங் தேய்கிறது, பால் ஸ்க்ரூ தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்கான காசு விலையில் ஏறாவிட்டால், அடுத்த மெஷினுக்கு மறுபடியும் முழுக்கடன்தான்.

தேய்மானம் என்றால் ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று பட்டறைக்காரர்கள் நினைக்கிறார்கள். வரிக்கணக்கைப் பொறுத்தவரை அதில் தவறில்லை. வருமான வரியில் முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே ஏறக்குறைய இல்லை. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் எஞ்சிய மதிப்பின் மேல் வீதம் போடும் குறைந்து செல் மதிப்பு முறைதான். பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், கணினிக்கு 40 சதவீதம். 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் ஆண்டில் பாதிதான். உற்பத்தித் தொழிலில் புது மெஷினுக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கு அது கிடையாது. பார்ட்னர்ஷிப் நிறுவனம் கேட்டுப் பெறலாம். தவணை நெருக்கும் முதல் வருடங்களிலேயே வரி குறைவதால் சிறுதொழிலுக்கு இது நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறை இல்லை.

அந்த வரிக்கணக்கு எண்ணையே எடுத்து வேலைக்கு விலை போடுவதில்தான் ஆபத்து. 20 லட்ச ரூபாய்க்கு ஒரு சிஎன்சி லேத் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 30,000 மணி நேரம் நன்றாக உழைக்கும், பிறகு 2 லட்சத்துக்குப் போகும் என்பது உரிமையாளரின் அனுபவக் கணிப்பு. இரண்டு ஷிப்டில் வருடத்துக்கு 5,000 மணி நேரம் ஓடுகிறது. தேய வேண்டியது 18 லட்சம். 30,000 மணியால் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். ஆறு வருடத்தில் மெஷினின் ஆயுள் முடிந்துவிடும்.

இதே லேத்துக்கு, கூடுதல் 20 சதவீதத்தைச் சேர்க்காமல் பார்த்தால், வரிக்கணக்கில் முதல் ஆண்டுத் தேய்மானம் 3 லட்சம். மணிக்கு அதே 60 ரூபாய்தான் வருகிறது. இந்த ஒற்றுமையில்தான் பட்டறைக்காரர் ஏமாறுகிறார். ஆறாம் ஆண்டில் வரிக்கணக்குத் தேய்மானம் 1,33,112 ரூபாயாக இறங்கிவிடும். மணிக்கு 27 ரூபாய்கூட வராது. மெஷின் அன்றும் அதே 5,000 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஆறு வருடத்தையும் கூட்டினால் வரிக்கணக்கில் கழிந்தது ஏறக்குறைய 12.46 லட்சம், உண்மையில் தேய்ந்தது 18 லட்சம். இடையில் இருக்கும் ஐந்தரை லட்சத்தை அவர் தன்னை அறியாமல் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறை இதைச் சரிசெய்யுமா? பாதி சரிசெய்யும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொது இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் வைக்கிறது. எஞ்சிய மதிப்பு வழக்கமாக 5 சதவீதத்துக்கு மேல் போகாது. நம் லேத்துக்கு ஆண்டுக்கு 1,26,667 ரூபாய். இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு ஷிப்ட் ஓடினால் தேய்மானத்தை 50 சதவீதம் கூட்டு, மூன்று ஷிப்ட் ஓடினால் இரட்டிப்பாக்கு என்கிறது அது. இரவு ஷிப்டிலும் இரும்பு தேயும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை. அப்படிக் கூட்டினாலும் 1.9 லட்சம்தான், மணிக்கு 38 ரூபாய். வருமான வரியிலோ ஷிப்டுக்குத் தனிக் கணக்கே கிடையாது.

வரிக்கணக்கு விலை போட உதவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1988 ஏப்ரல் முதல் ஒரே வீதத்தில் வரும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பு. எந்த மெஷின் எவ்வளவு தேய்ந்தது என்று அந்த ஏட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு பட்டறைகளின் நிலைமை இன்னும் மோசம். தேய்மானம் கழிந்துவிட்டதாகவே சட்டம் வைத்துக்கொள்வதால், அந்த எண் உரிமையாளரின் கண்ணிலேயே படுவதில்லை.

குறைந்து செல் மதிப்பு முறைக்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: மெஷின் பழசாக ஆகப் பராமரிப்புச் செலவு ஏறும், தேய்மானம் இறங்கும், இரண்டும் சேர்ந்து சமமாகிவிடும். பராமரிப்பையும் விலையில் சேர்ப்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் ஸ்பிண்டில் மாற்றிய செலவை அந்த மாதத்துத் துரதிர்ஷ்டமாக எழுதிவிட்டு, அதே பழைய ரேட்டில் வேலை எடுப்பவர்களே அதிகம்.

ஆகவே வரிக்கு ஆடிட்டரின் ஏடு இருக்கட்டும். விலைக்கு, மேலே 30,000 மணியால் வகுத்துப் பார்த்த இயந்திர மணி வீதம்தான் வேண்டும். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவருக்கே போதுமான வகுத்தல் அது. 60 ரூபாயும் பழைய விலையை மட்டுமே மீட்டுத் தரும். புது லேத் 26 லட்சத்துக்கு ஏறியிருந்தால் மணிக்கு 80 ரூபாய் எடுத்து வைத்திருக்க வேண்டும். சிஎன்சி கன்ட்ரோலரின் திரையில் ஓடிய நேரம் இருக்கிறது. மாதத்தின் முதல் தேதியில் அதை ஓர் ஏட்டில் குறித்து வைத்திருப்பவர், "உங்க மெஷின் பழசுதானே, மணிக்கு முப்பது ரூபாய் குறைங்க" என்று பர்ச்சேஸ் மேலாளர் கேட்கும்போது, அந்த ஏட்டை விரித்து மேஜையில் வைக்கலாம்.