ஆஸ்போர்னைக் கும்பிடுகிறவர்கள் சோலிக்கை ஏன் துரத்தினார்கள்?

நெப்ராஸ்கா தோற்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று செய்திகள் தவறாமல் வரும். முதலாவது திட்டு. அதை இங்கே எழுத முடியாது. இரண்டாவது, "இந்த கோச்சை முதல்ல அனுப்புங்கடா." மூன்றாவதைக் குழுவிலேயே சின்னப் பையன் ஒருத்தன் போடுவான்: "ஆஸ்போர்ன் இருந்திருந்தா இப்படி நடக்குமா?" டாம் ஆஸ்போர்ன் கோச் வேலையை விட்டு ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் இந்தப் பையன் பிறந்தான். அவரை ஆடுகளத்தோரம் நின்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் சத்தியம் பண்ணுகிற மாதிரி சொல்கிறான்.

தம்பி, உனக்குத்தான் இது. குழுவில் எழுதினால் சண்டையாகிவிடும்.

லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொல்வது முட்டை மாதிரிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அதிலும் கல்லூரி மாணவர்கள் ஆடுவது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மக்கள்தொகையே சுமார் 20 லட்சம்தான். பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அதனால் லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக அணிதான் இங்கே எல்லாமே. 1962 முதல் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிச்சம் இருந்ததில்லை என்று அதிகாரப்பூர்வமாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நடக்கிற அன்று அந்த ஸ்டேடியத்தை ஒரு ஊராக எண்ணினால், ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான் என்பார்கள். நான் வளர்ந்ததும், மாஸ்டர்ஸ் முடித்ததும் இதே லிங்கனில்தான். சனிக்கிழமை சிவப்புச் சட்டை போடாமல் கடைக்குப் போனால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன் கோச்சாக இருந்தார். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டம். கடைசி ஐந்து சீசனில் 60 ஆட்டம் ஜெயித்து மூன்றே மூன்றில் தோற்றார். இதெல்லாம் உனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன், கேள்.

முதல் ஐந்து வருஷமும் பரம எதிரியான ஒக்லஹோமாவிடம் அவர் தோற்றார். ஐந்துக்கு ஐந்து. ஆறாவது வருஷம்தான், 1978-ல், 17-14 என்று ஜெயித்தார். அவருக்கு முன்னால் இருந்த பாப் டெவேனி 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். "டெவேனி இருந்திருந்தா" என்று அன்றைக்கும் ஒருத்தன் சொல்லியிருப்பான். 1984 ஜனவரியில் மயாமிக்கு எதிரான ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில், ஒரு புள்ளிக்கு உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்திருந்தாலே பட்டம் அநேகமாக வந்திருக்கும். அவர் ஜெயித்தே தீருவது என்று இரண்டு புள்ளிக்குப் போனார். பந்து கைக்கு வரவில்லை. 31-30 என்று தோல்வி. இன்றைக்கு அதைச் செய்திருந்தால் நம் குழுவில் அவரை உயிரோடு விட்டிருப்பீர்களா? முதல் பட்டம் வாங்க அவருக்கு 22 சீசன் ஆயிற்று. அதுவரை பல்கலைக்கழகம் அவரை வேலையில் வைத்திருந்தது.

இப்போது ஃபிராங்க் சோலிக்குக்கு வருவோம். டெவேனி காலத்து ஆட்டக்காரர், ஆஸ்போர்னிடம் 19 வருஷம் உதவி கோச். ஆஸ்போர்னே கைகாட்டிவிட்டுப் போன ஆள். 1999-ல் 12 வெற்றி, ஒரு தோல்வி. 2001 சீசனில் அணியைத் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அங்கே மயாமியிடம் 37-14 என்று நல்ல அடி. அடுத்த வருஷம் 7 வெற்றி, 7 தோல்வி. அது மோசமான சீசன்தான், மறுக்கவில்லை. அதற்காக உதவி கோச்சுகள் பலரை மாற்றினார், தற்காப்பைப் புதிதாகக் கட்டினார். 2003-ல் 9 வெற்றி, 3 தோல்வி என்று அணி எழுந்து நின்றது. கொலராடோவை ஜெயித்த மறுநாள் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். மொத்தக் கணக்கு 58 வெற்றி, 19 தோல்வி.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரிக்கெட் மட்டுமே தெரிந்து இந்த ஊருக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஃபுட்பால் கற்றுக்கொண்டவர் அவர். "ஒம்பது ஜெயிச்சு மூணு தோத்தவனுக்கே வேலை இல்லையாடா?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா அப்போதும் விசாவில்தான் இருந்தார். அவர் அலுவலகத்தில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்த வருஷம் அது. அவர் பயந்தது ஃபுட்பாலுக்காக இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

சோலிக்கை அனுப்பியது ஸ்டீவ் பீடர்சன், விளையாட்டுத் துறை இயக்குநர். அணி சாதாரண அணியாகிவிடக் கூடாது என்பது அவர் வாதம். கைவசம் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டா அனுப்பினார்? இல்லை. வாரக்கணக்கில் தேடி, பில் காலஹனைக் கொண்டுவந்தார். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணியில் அந்த வருஷம்தான் 4 வெற்றி, 12 தோல்வி கண்டு வேலை இழந்தவர். பந்தோடு ஓடியே ஜெயித்துப் பழகிய அணியை அவர் பந்து வீசுகிற அணியாக மாற்றினார். 2004-ல் 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி அதிகமான முதல் சீசன் அதுதான். தொடர்ந்து 35 வருஷம் ஆண்டுக் கடைசிப் பவுல் ஆட்டத்துக்குப் போன சங்கிலி அன்று அறுந்தது. டெக்சஸ் டெக்கிடம் 70-10. 2007-ல் கான்சஸிடம் 76-39. சாதாரண அணியாகிவிடுமோ என்று பயந்தவர், அந்த நிலைமைக்கும் கீழே அணியை இறக்கிவிட்டுத் தானும் வேலையை இழந்தார்.

"அண்ணே, காலம் மாறிடுச்சு, அதுதான் காரணம்" என்பாய். பாதி உண்மை. ஒரு அணி உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்டக்காரர்கள் 1973-ல் 105 பேர். 1994-க்குள் அது 85 ஆனது. ஆஸ்போர்னின் பலமே கூட்டம்தான். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்கிற உள்ளூர்ப் பண்ணைப் பையன்களை வருஷக்கணக்கில் எடை தூக்க வைத்துத் தேற்றி எடுப்பார். 2011-ல் பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியதும் டெக்சஸ் மாநிலத்தில் போய் ஆடுகிற வழக்கமும் போயிற்று. அங்கிருந்து பையன்களைப் பிடிப்பது இன்னும் கஷ்டமானது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை சாதகமும் கையைவிட்டுப் போன அணிக்குப் பொறுமை அதிகம் வேண்டுமா, குறைவாக வேண்டுமா?

அடுத்து போ பெலினி வந்தார். 2008 முதல் ஏழு சீசன், ஒன்றில்கூட 9 வெற்றிக்குக் குறையவில்லை. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதிகம், நிஜம்தான். 2014-ல் அவரை அனுப்பியபோது அந்த சீசன் கணக்கு என்ன தெரியுமா? 9 வெற்றி, 3 தோல்வி. சோலிக்கின் அதே கணக்கு. பிறகு மைக் ரைலி, மூன்று வருஷத்தில் 19-க்கு 19. பிறகு ஸ்காட் ஃபிராஸ்ட். 1997 பட்டத்தை ஜெயித்துக் கொடுத்த குவார்ட்டர்பேக், ஆஸ்போர்னின் சொந்தப் பையன் மாதிரி, இதே மண். குழுவே ஆடியது, நானும் ஆடினேன், மறைப்பானேன். 16 வெற்றி, 31 தோல்வி. 2021-ல் 9 ஆட்டம் தோற்றார். ஒன்பதும் பத்துப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசம். 2022 செப்டம்பரில் அவரை அனுப்பினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய தொகை பாதியாகியிருக்கும். மூன்று வாரம்கூடப் பொறுக்க முடியாமல் சுமார் 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2023-ல் வந்த மேட் ரூல் முதல் வருஷம் 5 வெற்றி, 7 தோல்வி. அடுத்த வருஷம் 7 வெற்றி, எட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பவுல் ஆட்டம், அதிலும் வெற்றி. அவரையும் அனுப்பச் சொல்லி நம் குழுவில் செய்தி வருகிறது.

மேன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். அலெக்ஸ் ஃபெர்குசனுக்குப் பின் ஆறு வருஷ ஒப்பந்தத்தில் வந்த டேவிட் மோய்ஸ் பத்து மாதத்தில் வெளியே போனார். ஃபெர்குசனுக்கோ முதல் லீக் பட்டம் வாங்க 1986-லிருந்து 1993 வரை ஆனது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில், இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு சிஸ்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட மனிதர் ஓய்வு பெற, அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். சர்வர் படுக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியம்: "அவர் இருந்தப்போ இப்படி ஆனதே இல்லை." ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுத்துப்போய்ப் பழைய டிக்கெட்டுகளை எல்லாம் எடுத்து எண்ணினேன். அவர் காலத்தில் அதே சிஸ்டம் இன்னும் அதிகமாகப் படுத்திருக்கிறது. அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தது அவருடைய கடைசி இரண்டு வருஷத்தை மட்டும்.

ஆஸ்போர்னையும் நாம் அப்படித்தான் கத்தரித்து வைத்திருக்கிறோம். 1995-ல் தன் முன்னாள் காதலியைத் தாக்கிய லாரன்ஸ் ஃபிலிப்ஸை அவர் சில ஆட்டம் நிறுத்திவைத்து, பிறகு திரும்ப ஆட விட்டார். பட்டத்துக்கான ஆட்டத்திலும் அவன் ஆடினான். கட்டுப்பாடு இருந்தால்தான் பையன் உருப்படுவான் என்றார் ஆஸ்போர்ன். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் தங்கைக்கு இன்னும் படவில்லை. நம் குழுவில் அதைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டோம். படத்துக்கு மாலை போட்ட பிறகு யார் பேசுவார்கள்?

சோலிக் பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவரை ஒரு பவுல் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி அது. பதினாறு சீசன் இருந்து 115 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். அவரை அங்கே யாரும் ஆஸ்போர்னோடு ஒப்பிடவில்லை. 2023 ஏப்ரலில் நெப்ராஸ்கா தன் வசந்தகால ஆட்டத்துக்கு அவரை அழைத்து மரியாதை செய்தது. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. அந்தச் செய்தியை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் இப்போது ஓய்வு பெற்று ஒமாஹாவில் தோட்டம் போட்டிருக்கிறார். பதிலுக்கு ஒரே வரி வந்தது: "ஒம்பது மூணு. மறக்கல."