நாள்கணக்கு போதாது, மணிக்கணக்கு வேண்டும்: சந்தோரினித் தீவுவாசிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கிரேக்கக் கப்பல் போக்குவரத்து அமைச்சகம், சுற்றுலா அமைச்சகம், தீரா நகராட்சி, துறைமுக நிர்வாகம், சொகுசுக் கப்பல் நிறுவனங்கள்.

சந்தோரினியில் குடியிருப்பவர்களும் இங்கே வந்து பிழைப்பவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்களில் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், திராட்சைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் உண்டு. கப்பலே வரக்கூடாது என்பவர்கள் எங்களில் குறைவு. கப்பல் பயணி வாங்கும் ஒரு காபியில் அடுப்பெரியும் வீடுகள் இங்கே இருக்கின்றன.

தீவின் மக்கள்தொகை சுமார் 15,500. 2024இல் சொகுசுக் கப்பலில் மட்டும் வந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். அந்த ஆண்டு ஜூலையில் ஒரே நாளில் 11,000 பேர் கப்பல்களில் வந்தார்கள். அன்று ஊர்க்காரர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி உள்ளூர் நிர்வாகத் தரப்பிலிருந்தே வேண்டுகோள் வந்தது. விருந்தாளி வருகிறார், வீட்டுக்காரர் அறைக்குள் இருக்கட்டும் என்பதுபோல! கண்டனம் கிளம்பியது, பிறகு அடங்கியும் போனது.

நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற உச்சவரம்பு ஏற்கெனவே பேசப்பட்டதுதான். அது அப்படியே கடைப்பிடிக்கப்பட்டாலும் எங்கள் சிக்கல் தீராது. ஏன் என்பதைத் துறையில் வந்து நின்று பார்த்தால்தான் புரியும். எரிமலை உள்வாங்கிய பள்ளத்தில் கடல் நிரம்பியதுதான் எங்கள் விரிகுடா. ஆழம் மிக அதிகம் என்பதால் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. பயணிகளைச் சிறு படகுகள் ஸ்காலா என்னும் பழைய துறையில் இறக்குகின்றன. எதிரே செங்குத்துப் பாறை. உச்சியில் ஃபிரா ஊர். மேலே போக 588 படிகள், கோவேறு கழுதைகள், 1979 முதல் ஓடும் ரோப் கார் ஆகியவைதான் வழி. சுற்றுலாப் பேருந்து பிடிப்பவர்களைச் சில படகுகள் அதினியோஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோகின்றன. மற்றவர்கள் எல்லாம் ஸ்காலாவில்தான்.

ரோப் கார் ஒரு மணி நேரத்தில் மேலே ஏற்றுவது சுமார் 600 பேரை. நான்கு கப்பல் ஒரே காலையில் வந்தால் என்னவாகும்? சட்டையில் எண் ஒட்டிய கூட்டம் கழுதைச் சாணம் மிதிபட்ட படிவரை வளைந்து நிற்கிறது. பின்னால் அடுத்த படகு கயிறு வீசுகிறது. பிற்பகலில் அதே வரிசை மேலே, இறங்குவதற்காக. பயணி எங்கள் ஊரைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவர் முதுகைப் பார்த்ததே அதிகம்.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை: பயணியரை மணிக்கணக்கில் எண்ணுங்கள். விடியற்காலை முதல் இரவுவரை கப்பல்களின் வருகை நேரத்தைப் பிரித்து ஒதுக்குங்கள். ரோப் காரில் இடம் உண்டு என்று ஸ்காலாவிலிருந்து தகவல் போன பிறகே கப்பலிலிருந்து படகு கிளம்ப வேண்டும். 1950இல் கடைசியாக வெடித்த நேயா கமேனி எரிமலைத் தீவுக்குப் போக விரும்புபவர்கள் ஃபிராவுக்கு ஏறி இறங்க வேண்டியதே இல்லை. அவர்களை நேரே அங்கே கொண்டுபோகலாம். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி நகரைப் பார்ப்பவர்களை அதினியோஸ் வழியே அனுப்புங்கள். 'சந்தோரினியில் ஒரு நாள்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், அதில் வரிசைக்குப் போகும் நேரம் எவ்வளவு என்றும் பயணச்சீட்டு விற்கும்போதே சொல்ல வேண்டும்.

இதில் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து தீவு தொடர்ந்து அதிர்ந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினோம், பள்ளிகள் மூடப்பட்டன. பாறை சரியலாம் என்பதால் ஸ்காலாவில் நிற்க வேண்டாம் என்று அரசே எச்சரித்தது. குளிர்காலத்தில் ஊர்க்காரர் நிற்கக் கூடாத இடத்தில் கோடையில் ஆயிரக்கணக்கானவர்களை எப்படி நிறுத்துகிறீர்கள்? 1956 நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை இழந்த தீவு இது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன் பாறையைச் சோதித்து, அந்த அறிக்கையை வெளியிடுங்கள். கூட்டம் துறையில் இருக்கும்வரை, ஆட்களை ஏற்றிச் செல்லும் அளவுக்குக் காலிப் படகுகள் அங்கேயே நிற்க வேண்டும்.

அடுத்தது பணம். 2025 ஜூலை முதல் இங்கே இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணியிடமும் கோடைக்காலத்தில் 20 யூரோ வசூலிக்கிறீர்கள். தீவுக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்ற கணக்கை நகராட்சி வாசலில் ஒட்டுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரும் ஆசிரியருக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை, எல்லாமே விடுதியாகிவிட்டது. அந்தப் பணத்தில் முதலில் அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் குடியிருப்பு கட்டுங்கள். ஸ்காலாவில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்பதைச் சாசனத்தில் எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

கழுதை மீது 100 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. படியடியில் ஒரு எடை மேடை வையுங்கள்.

கடைசியாக, 2007 ஏப்ரலில் பாறையில் மோதி மூழ்கிய சீ டயமண்ட் கப்பல். இரண்டு பயணிகள் காணாமல் போன அந்த விபத்தின் சிதைவு இன்னும் எங்கள் விரிகுடாவின் அடியில் கிடக்கிறது. அதை எடுத்து அப்புறப்படுத்துங்கள். முடியாதென்றால், ஏன் முடியாது, அதுவரை கசிவைக் கண்காணிக்கப்போவது யார், செலவு யாருடையது என்று எழுத்தில் பதில் தாருங்கள்.