வாழ வந்தவர்களுக்கு வசிப்புரிமை எங்கே?

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து இங்கேயே குடும்பம் நடத்தும் வெளிநாட்டவருக்கு, இந்த நாட்டில் நிலையாக வசிக்கும் உரிமை உண்டா? உண்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கின்றனர். சட்டம் தரும் விடை வேறு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் வாழ்க்கைத் துணைக்கு வழங்கப்படும் "நிரந்தர வசிப்புரிமை" என்ற ஒன்று, திருமணத்தின் பெயரால் இந்தியாவில் யாருக்கும் வழங்கப்படுவதில்லை. இங்கு உள்ளவை மூன்று படிகள். முதலில் நுழைவு விசா, பிறகு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை, இறுதியில் குடியுரிமை. இந்த மூன்று படிகளிலும் திருமணம் நீடித்தால்தான் கால் ஊன்ற முடியும். மணவாழ்க்கை முறிந்தால் நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது.

நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டில் வெளிநாட்டவர் தொடர்பான சட்டங்களை ஒருங்கிணைத்துப் புதிதாக ஒரு சட்டம் இயற்றியது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களுக்கு மாற்றாக வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறை, விசாக் காலம் முடிந்தும் தங்கினால் 3 ஆண்டுகள் வரை சிறை என்று தண்டனைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டன. ஆனால், இந்தியரின் கணவராகவோ மனைவியாகவோ இங்கு வாழ்பவருக்கு எந்த நிலையில் எந்த உரிமை என்பது அந்தச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை.

சட்டம் நடந்து வந்த பாதை

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு வகையில் தாராளமாகவும் இன்னொரு வகையில் பாரபட்சமாகவும் இருந்தது. இந்தியரை மணந்துள்ள, அல்லது முன்பு மணந்திருந்த பெண்கள் பதிவு மூலம் குடியுரிமை பெறலாம் என்று அதன் 5(1)(சி) பிரிவு கூறியது. இத்தனை ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்பிரிவில் இல்லை. அதேவேளையில், இந்தியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. 1968-இல் ராஜீவ் காந்தியை மணந்த சோனியா காந்தி, 1983 ஏப்ரலில் குடியுரிமை பெற்றது இந்தப் பிரிவின் கீழ்தான்.

1986-ஆம் ஆண்டுத் திருத்தம் "பெண்கள்" என்ற சொல்லை "நபர்கள்" என மாற்றியது. ஆண், பெண் பாகுபாடு நீங்கியது. ஆனால் ஐந்தாண்டு வசிப்பு என்ற நிபந்தனை கூடவே வந்தது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தை ஏழாக உயர்த்தியது. அது 2004 டிசம்பர் 3-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தைப் பற்றிய பேச்செல்லாம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான புதிய அந்தஸ்து, சட்டவிரோதக் குடியேறிகள் ஆகிய இரண்டையுமே சுற்றி வந்தது. அதே திருத்தம் செய்த இன்னொரு மாற்றம் அதிகம் கவனிக்கப்படவில்லை. "மணந்துள்ள, அல்லது முன்பு மணந்திருந்த" என்ற பழைய சொற்றொடர், "மணந்துள்ள" என்று சுருங்கியது. ஒரு சொற்றொடர்தானே என்று தள்ளிவிட முடியாது. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டு மணவிலக்குப் பெற்றவர் ஆகியோருக்கு 1955-இலும் 1986-இலும் திறந்திருந்த கதவு அத்துடன் மூடிக்கொண்டது. ஆறு ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, ஏழாம் ஆண்டில் கணவரைப் பறிகொடுக்கும் பெண் இப்பிரிவின்படி விண்ணப்பிக்கும் தகுதியையே இழக்கிறார்.

அட்டை தருவதும் பறிப்பதும்

ஏழாண்டுகள் வரை காத்திருக்க வேண்டியவர்களுக்கு இடைக்கால நிழலாக இருப்பது ஓ.சி.ஐ. அட்டை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவு செய்யப்பட்டு தொடர்ந்து இரண்டாண்டுகள் நீடித்திருந்தால் இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு அமைப்புகளின் முன் ஒப்புதல் கட்டாயம். அதுவரை நுழைவு விசாவை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டுதான் வாழ வேண்டும். அந்த விசா, வேலை பார்க்கும் உரிமையைத் தானாகத் தருவதில்லை.

ஓ.சி.ஐ. அட்டை கிடைத்துவிட்டால் வாழ்க்கை எளிதாகிறது என்பது உண்மை. ஆயுள்காலத்துக்குப் பலமுறை வந்து செல்லலாம். தனியார் துறையில் வேலை பார்க்கலாம். வாக்குரிமை, தேர்தலில் போட்டியிடுதல், அரசுப் பணி ஆகியவை மட்டும் கிடையாது. ஐந்தாண்டுகள் ஓ.சி.ஐ. ஆக இருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் இங்கு வசித்தவர் குடியுரிமை கோரவும் தனிப் பிரிவு உள்ளது.

ஆனால் அதே 2015 திருத்தம், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் வழிவகுத்தது. திருமணத்தின் அடிப்படையில் அட்டை பெற்றவரின் மணவாழ்க்கை நீதிமன்றத்தாலோ "வேறு வகையிலோ" முடிவுக்கு வந்தால் அட்டையை ரத்து செய்யலாம் என்கிறது 7டி பிரிவு. மணமுறிவுக்கு யார் காரணம், எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தனர், குழந்தைகள் உண்டா என்ற கேள்விகளுக்கு அப்பிரிவில் இடமில்லை. "வேறு வகையில்" என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதும் சட்டத்தில் விளக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே அட்டையை ரத்து செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. குடும்பத் தகராறுகளில் இரு தரப்பும் மாறிமாறிப் புகார் கொடுப்பது நம் நாட்டில் அன்றாட நிகழ்ச்சி என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

முரண்பாடு ஒன்றைச் சுட்டிக்காட்டினால் போதும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்படும் பெண் இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. கணவருடன் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை அது அவருக்கு அளிக்கிறது. ஆனால் அந்த வீடு இருக்கும் நாட்டில் தங்கும் உரிமையை இன்னொரு சட்டம் கணவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. அடித்தாலும் புகார் கொடுக்கத் தயங்கும் நிலைக்கு இது ஒரு பெண்ணைத் தள்ளாதா?

பணத்துக்கு உண்டு, பந்தத்துக்கு இல்லை

நிரந்தர வசிப்புரிமை என்ற கருத்தே இந்திய அரசுக்கு அந்நியமானதன்று. 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக அப்படியொரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 18 மாதங்களில் 10 கோடி ரூபாயோ, 36 மாதங்களில் 25 கோடி ரூபாயோ முதலீடு செய்து, ஆண்டுதோறும் குறைந்தது 20 இந்தியருக்கு வேலை தருபவருக்கு 10 ஆண்டு வசிப்புரிமை; அது மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கத்தக்கது. முதலீட்டாளரின் வாழ்க்கைத் துணைக்கும் இங்கு வேலை பார்க்க அனுமதி உண்டு. வெளிநாட்டு முதலீட்டாளரின் மனைவிக்குக் கிடைக்கும் இந்த வசதி, இந்தியத் தொழிலாளி ஒருவரின் வெளிநாட்டு மனைவிக்கு அந்தப் பெயரில் கிடைப்பதில்லை.

அரசுத் தரப்பு வாதத்தையும் புறந்தள்ள முடியாது. யாரை நாட்டுக்குள் விடுவது என்பது அரசின் இறையாண்மை சார்ந்தது. வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் அரசியல் சாசனம் தரும் பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் நாட்டில் குடியமரும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்று 1991-இல் லூயி டி ரேட் வழக்கில் அது தெளிவுபடுத்தியது. போலித் திருமணங்கள் உலகெங்கும் குடியேற்ற அதிகாரிகளின் தலைவலியாக இருப்பதும் மறுக்க முடியாதது.

ஆனால் போலியைத் தடுக்க வேறு வழிகளும் உள்ளன. அமெரிக்காவில், திருமணமாகி இரண்டாண்டு நிறைவதற்குள் வசிப்புரிமை பெறுபவருக்கு அது முதலில் நிபந்தனையுடன்தான் தரப்படுகிறது. திருமணம் உண்மையானதே என்று நிரூபித்தால், மணவிலக்கு நேர்ந்தாலும், துணையால் கொடுமைக்கு ஆளானாலும், அவர் தனியாகவே நிபந்தனையை நீக்கக் கோரலாம். பிரிட்டனிலும் குடும்ப வன்முறைக்கு ஆளான துணை தனியாக நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு சோதிக்கப்படுவது திருமணத்தின் உண்மை. இங்கு சோதிக்கப்படுவது திருமணத்தின் நீடிப்பு.

எல்லையிலும் முகாமிலும்

பாகிஸ்தான், வங்கதேசத்தைச் சேர்ந்த துணைகளின் நிலை இன்னும் கடினம். தாமோ, பெற்றோரோ, பாட்டனாரோ, முப்பாட்டனாரோ அந்நாடுகளின் குடிமக்களாக இருந்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டை கிடையாது. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பயங்கரவாதத் தாக்குதலைத் தொடர்ந்து பாகிஸ்தானியர்களின் விசாக்கள் ரத்து செய்யப்பட்டன. நீண்டகால விசாக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டாலும், அட்டாரி எல்லையில் குடும்பங்கள் பிரிந்து நின்றதை நாடு பார்த்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த தாய் இந்தப் பக்கமும், பாகிஸ்தான் கடவுச்சீட்டு வைத்திருந்த பிள்ளைகள் அந்தப் பக்கமும் நிற்க நேர்ந்தது. தாக்குதலுக்குப் பிந்தைய சூழலில் அரசு கடுமை காட்டியதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கடுமையின் பாரம் சட்டப்படி மணம் புரிந்தவர்களின் மீதும் விழுந்தது.

தமிழகத்துக்கு இது தொலைதூரப் பிரச்சினை அல்ல. 1983 முதல் படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள் முகாம்களிலும் வெளியிலும் வாழ்கின்றனர். அவர்களில் உள்ளூர்வாசிகளை மணந்து குடும்பமாகியிருப்போரும் உண்டு. ஆனால் 5-ஆவது பிரிவு, "சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்" என்ற நிபந்தனையுடன்தான் தொடங்குகிறது. கடவுச்சீட்டு இன்றி உயிருக்கு அஞ்சி வந்தவர், இந்தியரை மணந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்தாலும் அந்த முத்திரை நீங்குவதில்லை. அது அடுத்த தலைமுறையையும் தொடர்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை இல்லை.

2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு இந்த முத்திரையை நீக்கியது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது வரவேற்கத்தக்க ஆறுதல். ஆனால் தண்டனை இல்லை என்பதாலேயே உரிமை வந்துவிடாது.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய சட்டப் புரட்சி எதுவும் தேவையில்லை. 2003-இல் கைவிடப்பட்ட "முன்பு மணந்திருந்த" என்ற சொற்களை மீண்டும் சேர்த்தால் கைம்பெண்களின் நிலை சீராகும். 7டி பிரிவில், கணவர் அல்லது மனைவியின் மரணம், நிரூபிக்கப்பட்ட வன்முறை, இந்தியக் குடியுரிமை உள்ள குழந்தையை வளர்க்கும் பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளித்தால் போதும். இந்தியரை மணந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குச் சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையிலிருந்து விடுதலை தர ஒரு துணைவிதி வேண்டும். பாதுகாப்புச் சோதனையை அரசு எவ்வளவு கடுமையாகவும் நடத்தட்டும். அதற்குக் காலவரம்பு இருக்கட்டும்.

இந்தத் திருத்தங்களால் முதலில் பயன்பெறப் போவது வெளிநாட்டவர் என்பதால், அவர்களுக்காகக் குரல் கொடுக்க மக்களவையில் உறுப்பினர் கிடைப்பது அரிது. அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் அவர்களின் கணவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாக்கு உண்டு. தான் மணந்தவருடன் தன் நாட்டிலேயே அச்சமின்றி வாழ்வது இந்தியக் குடிமக்களின் உரிமையும்கூட என்ற கோணத்தில் பார்த்தால், இதை வெளிநாட்டவர் பிரச்சினை என்று ஒதுக்க நாடாளுமன்றத்துக்குக் காரணம் இருக்காது.