கோஸ்ட் வேறு, ஷோர் வேறு!

பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இங்கிலீஷ் பாடத்துக்கு அர்த்தப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறான். அதில் 'கோஸ்ட்' என்றால் கரை. நாலு வரி தள்ளி 'ஷோர்' என்று ஒரு சொல். அதற்கும் அர்த்தம் கரை. பையன் இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டான்.

பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினான். "ஏரியின் கோஸ்டில் ஆடுகள் மேய்ந்தன" என்று அதற்குப் பொருள். வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். "கரை என்றுதானே அப்பா போட்டிருக்கிறது?" என்று அழாத குறையாகக் கேட்கிறான். தகப்பனார் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். பையன் சொல்வது சரிதான்!

தப்பு பையன் மேல் இல்லை. அர்த்தப் புத்தகத்தின் மேல்தான்.

எங்கே நின்று பார்ப்பது?

இரண்டு சொல்லுமே நிலமும் நீரும் சேரும் இடத்தைத்தான் குறிக்கின்றன. ஆனால், பார்க்கிற ஆள் நிற்கும் இடம் வேறு. நாட்டுக்குள் நின்று பார்த்தால், நாடு முடிகிற ஓரம் 'கோஸ்ட்'. படகில் இருந்து பார்த்தால், தண்ணீர் முடிகிற இடம் 'ஷோர்'. சார்லஸ் பில்மோர் என்ற அமெரிக்க மொழி அறிஞர் 1982-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கி இருக்கிறார்.

'கோஸ்ட் டு கோஸ்ட்' போய் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், நாட்டின் ஒரு கடலோரத்தில் புறப்பட்டு, நிலத்தின் வழியாக மறு கடலோரம் போனார் என்று பொருள். 'ஷோர் டு ஷோர்' என்றால் தண்ணீரைக் கடந்தார் என்று பொருள். நீச்சல் வீரர் மிகிர் சென் 1966-ல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார் அல்லவா? அது ஷோர் டு ஷோர். இதைக் 'கோஸ்ட் டு கோஸ்ட்' என்று எழுதினால், இங்கிலீஷ்காரர் ஒருவர் "காரில் வந்தாரா?" என்று கேட்டாலும் கேட்பார்!

இன்னொரு வேற்றுமையும் உண்டு. கோஸ்டுக்கு அகலம் உண்டு. சென்னையில் இருந்து தெற்கே போகும் சாலைக்கு ஈஸ்ட் கோஸ்ட் ரோடு என்று பெயர். அதில் போகும்போது பல இடங்களில் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் அது கோஸ்ட்தான். ஷோர் அப்படி அல்ல. அலை வந்து காலை நனைக்கும் இடம் அது. மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி நிற்கும் கோயிலை 'ஷோர் டெம்பிள்' என்றுதான் சொல்லுகிறார்கள்.

ஏரிக்கும் ஷோர் உண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரில் மிச்சிகன் ஏரியை ஒட்டிப் போகும் சாலையின் பெயரில் 'லேக் ஷோர்' என்று வருகிறது. கோஸ்ட் என்பதோ கடலுக்கே உரியது. பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான். (நியூஜெர்சி மாநிலத்தார் தங்கள் கடலோரப் பகுதி முழுவதையுமே ஷோர் என்கிறார்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும்.)

தமிழில் இல்லையா?

"தமிழில் கரை என்ற ஒரு சொல்தானே இருக்கிறது? புத்தகம் எழுதியவர் என்ன செய்வார்?" என்று சிலர் கேட்கலாம்.

யார் சொன்னது? மீனவர்கள் "கரை திரும்பினார்கள்" என்கிறோம். "கடலோரம் திரும்பினார்கள்" என்று யாரும் சொல்வதில்லை. 1978-ல் முறைப்படி அமைந்த 'கோஸ்ட் கார்டு' தமிழில் கடலோரக் காவல் படை. 'ஷோர் டெம்பிள்' கடற்கரைக் கோயில். வழங்குகிற மக்கள் சரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். அர்த்தப் புத்தகம் எழுதியவருக்குத்தான் சோம்பல்!

இது மார்க்கோடு போகிற விஷயமும் அல்ல. மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வருகிறது. இங்கிலீஷ் அறிக்கையில் 'கோஸ்ட்' என்று இருக்கிறது. கடலை ஒட்டிய பகுதி முழுவதும் அதில் அடங்கும். வெறும் கரை என்று படித்தவன் என்ன நினைப்பான்? "நம் ஊர் கடலுக்கு இருபது கிலோ மீட்டர் தள்ளித்தானே இருக்கிறது" என்று படுத்துத் தூங்கிவிட்டால் யார் பொறுப்பு?

அடுத்த பதிப்பு போடும்போது கோஸ்டுக்குக் 'கடலோரம்' என்றும், ஷோருக்குக் 'கரை' என்றும் பிரித்துப் போடட்டும். ஆளுக்கு ஒரு வாக்கியமும் சேர்க்கட்டும். ஒரு பக்கம்கூடக் கூடாது.

வாத்தியாரும் சுழித்ததோடு நிறுத்தி இருக்க வேண்டாம். பக்கத்தில் 'ஷோர்' என்று எழுதி இருக்கலாம். தமிழில் இரண்டே எழுத்து, இங்கிலீஷில் ஐந்து.