நிபுணர் சொன்னால்தான் நியாயமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று வழக்குத் தொடுப்பவரிடம் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "அதைச் சொல்ல நீர் யார்? ஒரு மருத்துவரைச் சொல்லச் சொல்லும்" என்பதுதான். கேள்வி நியாயமானதே. போட்ட ஊசி சரியா தவறா என்பது கொழுந்து பறிப்பவருக்குத் தெரியாது, வழக்கறிஞருக்குத் தெரியாது, ஏன், நீதிபதிக்கே தெரியாது. ஆனால் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராக எழுதித் தருவாரா? அதுவும் உதகை, குன்னூர், கோத்தகிரி மருத்துவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் இந்தச் சின்ன மலையில்?

என் அத்தை தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மழைக்காலத்தில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்றிரவே விரல்கள் மரத்து நீலம் பாரித்தன. "கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கோவைக்குக் கொண்டு போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதாயிற்று. வழக்கறிஞர், "ஒரு டாக்டரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்கி வாருங்கள்" என்றார். அப்பா நான்கு மருத்துவர்களிடம் நடந்தார். அவர்களில் ஒருவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, கட்டு இறுக்கம்தான்" என்றார். எழுதித் தாருங்கள் என்றதும் காகிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுக் கெடு முடிந்தது. வழக்கு இல்லை.

சட்டம் இவ்வளவு கல் நெஞ்சம் கொண்டதா என்று நூலகத்தில் தேடினேன். இல்லை என்றே தோன்றுகிறது. கட்டணம் வாங்கும் மருத்துவர் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவரே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. தொழிலாளிக்காக முதலாளி பணம் கட்டினாலும் அது இலவசச் சேவை ஆகாது என்றும் அத்தீர்ப்பே சொல்கிறது. தோட்டங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதை எத்தனை பேர் அறிவர்?

பிறகு வந்தது 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. மருத்துவர்மீது குற்ற வழக்குப் போடுமுன் காவல்துறை வேறொரு மருத்துவரின், கூடுமானால் அரசு மருத்துவரின், சார்பற்ற கருத்தைப் பெற வேண்டும் என்றது. சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கில் அத்தகைய காப்பு வேண்டியதுதான். ஆனால் 2009-இல் மார்ட்டின் டி'சோசா வழக்கில், இழப்பீடு கேட்டு நுகர்வோர் மன்றத்துக்கு வருபவருக்கும் அதே நிபந்தனை விதிக்கப்பட்டது. நிபுணர் சம்மதித்தால்தான் எதிரிக்கு நோட்டீஸே போகும்! வாசலிலேயே சுவர்.

அந்தச் சுவரை இடித்தது மறு ஆண்டின் வி. கிஷன் ராவ் வழக்கு. ஐதராபாத்தில் 2002-இல் ஒருவர் குளிர்காய்ச்சல் கண்ட தம் மனைவியை நிகில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் சேர்த்தார். டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். நிலை மோசமாகி வேறு மருத்துவமனைக்குப் போனபோது மலேரியா என்று தெரிந்தது. அந்த அம்மையார் இறந்தார். கணவரோ மலேரியா துறையிலேயே அதிகாரி! மாவட்ட மன்றம் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிபுணர் சாட்சி இல்லை என்று மாநில ஆணையம் அதை ரத்துச் செய்தது; தேசிய ஆணையமும் ஆமோதித்தது. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பை மீட்டுத் தந்தது. எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை, சிக்கலானதா என்று பார்த்து மன்றமே முடிவு செய்யட்டும் என்றது.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா? வேண்டும். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் 29 வாரத்தில், 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையை உரிய வாரத்தில் சோதிக்க வேண்டும். சோதிக்கவில்லை, பார்வை போயிற்று. எப்போது சோதித்திருக்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கு எப்படித் தெரியும்? எய்ம்ஸ் மருத்துவக் குழு 2007-இல் தந்த அறிக்கைதான் அதைத் தெளிவாக்கியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. தனி மனிதர் ஒருவர் வீடு வீடாக அலைந்திருந்தால் எய்ம்ஸ் குழு கூடியிருக்குமா?

நிபுணர் சொன்னதெல்லாம் வேதவாக்கும் அல்ல. கருத்துக்கு அடிப்படையான விவரங்களையும் காரணங்களையும் அவர் காட்ட வேண்டும் என்று 2009-இல் ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கில் சொல்லப்பட்டது. எங்கள் ரெக்கார்டு நோட்டில் அளவீடுகள் இல்லாமல் முடிவை மட்டும் எழுதினால் பேராசிரியர் கையெழுத்துப் போடுவாரா? இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது வியப்புத்தான்.

மருத்துவர் பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே மருத்துவர், இரண்டு நர்சுகளோடு இரவெல்லாம் பார்க்கும் சிறு நர்சிங் ஹோம்கள் இங்கே உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் வழக்கென்றால், ஆபத்தான நோயாளி வந்ததும் "கோவைக்குக் கொண்டு போங்கள்" என்பதே வைத்தியமாகிவிடும். மலைப்பாதையில் எந்த வளைவில் உயிர் போகும் என்று யார் கண்டார்?

ஆகவே நிபுணரைத் தேடும் வேலையை நோயாளியின் தலையில் கட்டாமல் உதகை நுகர்வோர் ஆணையமே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. நம் ஊரிலேயே இப்போது மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் கோப்பு இங்கே வேண்டாம். தஞ்சைக்கோ திருநெல்வேலிக்கோ, மருத்துவர் பெயரை மறைத்து அனுப்பலாம். நிபுணர் மலையேறி வரவும் வேண்டியதில்லை. எழுத்துமூலக் கேள்விகளாலோ வீடியோ வழியாகவோ விசாரிக்கலாம் என்று 2002-இலேயே ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் வழி சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எந்த நிபுணரும் கேஸ் ஷீட் இல்லாமல் கருத்துச் சொல்ல முடியாது. நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள் பலர். ஆஸ்பத்திரிக் காகிதங்களை வீட்டில் நாம்தான் வாசிக்கிறோம். விண்ணப்பம் எழுதுவதும் நாம்தான். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.