தொழுகையில் ஊர்க்காரர், படிவத்தில் வெளியூர்க்காரர்

அத்திப்பட்டில் என்னிடம் ஓதி, திருமணத்திற்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய மாணவி ஒருவர் அண்மையில் கேட்டார்: "ஹஜ்ரத், என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் சிறு பிள்ளைகளும்தான். கவுன்சில் வரியில் தனியாக வசிப்பவருக்குரிய 25 சதவீதத் தள்ளுபடியை வாங்கலாமா? இங்கே பலரும் வாங்குகிறார்கள்."

பலரும் வாங்குகிறார்கள் என்ற அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

கவுன்சில் வரி என்பது 1993 முதல் அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் வசூலிப்பது; நம் வீட்டு வரியைப் போன்றது. பதினெட்டு வயது நிரம்பியவர் ஒருவர் மட்டுமே குடியிருந்தால் கால் பங்கு குறையும். ஆனால் கணவர் எத்தனை இரவுகள் அங்கே உறங்கினார் என்பது மட்டும் கணக்கன்று. அவருடைய முதன்மை வசிப்பிடம் எது என்பதே கேள்வி. இதற்கு முந்தைய தலைவரிக் காலத்தில், ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழித்த வணிகக் கப்பல் மாலுமி ஒருவரின் வழக்கு 1991இல் பிராட்ஃபோர்டிலிருந்து உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. மனைவி இருக்கும் வீடே அவருடைய வசிப்பிடம் என்று தீர்ப்பாயிற்று. சவூதி அரேபியாவில் பணிபுரிந்த ஹல் நகரத்துக்காரர் ஒருவருக்கும் அவ்வாறே. துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இந்த இரண்டு மனிதர்களும் அந்நியர்கள் அல்லர்.

அந்த நீதிபதிகளுக்கு முன்பே நம் ஃபிக்ஹு நூல்கள் இதைப் பேசிவிட்டன. குடும்பத்தைக் குடியமர்த்தி, நிலையாக வாழக் கருதிய ஊர் ஒருவருடைய வதனுல் அஸ்லி. அங்கே அவர் ஒரு நாள் விடுப்பில் வந்தாலும் முஸாஃபிர் அல்லர். கஸ்ர் செய்யாமல் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும். அப்படியானால் விடுப்பில் வரும் கணவர் பள்ளிவாசலில் "இது என் ஊர்" என்று நான்கு ரக்அத் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து "இது என் வீடன்று" என்று மனைவியை எழுதித் தரச் சொல்வது எந்த மார்க்கம்? படிவத்தில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் அந்தப் பெண்தான். பொய்ச் சாட்சியம் அவர் பெயரில், மிச்சமாகும் பணம் குடும்பக் கணக்கில்.

"காஃபிர்களுடைய அரசாங்கம்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். இதைவிட அறியாமையான வாதத்தை நான் கேட்டதில்லை. அமான் பெற்றுப் பிறர் நாட்டில் நுழைந்த முஸ்லிம் அவர்களுடைய செல்வத்தில் மோசடி செய்வது ஆகாது என்பது ஹனஃபி மத்ஹபின் தெளிவான சட்டம். இன்றைய விசாவும் அத்தகைய உடன்படிக்கையே.

சீமையைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு உரியது. கணவர் மாதந்தோறும் அனுப்பும் திர்ஹம் இங்கே கணக்கில் வராது என்று தமக்குத் தாமே ஃபத்வா கொடுத்துக்கொண்டு விண்ணப்பித்தவர்களை நான் அறிவேன்.

இதில் எனக்கு மிகவும் வேதனை தருவது வேறொன்று. கணவன் வெளிநாடு போய், நஃபகா அனுப்பாமல், தலாக்கும் சொல்லாமல், வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சீமையில் அத்தகைய பெண்ணுக்கு அந்தக் கால் பங்குத் தள்ளுபடி முழு உரிமை. தமிழ்நாட்டில் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கென்றே அரசின் மாத உதவித்தொகை உண்டு. அவர்களோ, "கைவிடப்பட்டவள்" என்ற சொல்லைப் படிவத்தில் எழுதினால் குடும்ப மானம் போய்விடும் என்று வீட்டாரால் தடுக்கப்படுகிறார்கள். உரியவர் வெட்கப்பட்டு ஒதுங்க, உரிமையில்லாதவர் கூசாமல் வாங்குகிறார்.

மாணவிக்கு நான் எழுதியது சுருக்கமானது. கணவர் திரும்பி வரும் வீடு அதுவென்றால் தள்ளுபடி கேட்காதே. ஏற்கெனவே வாங்கியிருந்தால் மன்றத்துக்கு நீயே தெரிவித்து, கேட்கும் தொகையைக் கட்டிவிடு. ஐயமிருந்தால் நிலைமையை உள்ளபடி எழுதிக் கொடு. முடிவை அவர்கள் சொல்லட்டும். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மஹல்லாவில் கைவிடப்பட்ட பெண் எவரேனும் இருந்தால், அவருடன் வட்டாட்சியர் அலுவலகம் வரை ஒருவர் துணைக்குச் செல்லுங்கள்.