ஸ்மித்தும் கொல்லனும்: பொருந்தா ஒப்பீடு ஒன்றன் மறுப்பு

மக்கட்பெயராய்வு குறித்துத் தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் படிக்கப்பெறும் கட்டுரைகளில் ஒரு பட்டியல் தவறாது இடம்பெறக் காண்கிறோம். ஆங்கிலேயரின் ஸ்மித், செருமானியரின் ஷ்மிட், அங்கேரியரின் கோவாச், உருசியரின் குஸ்னெத்சோவ், அரபியரின் ஹத்தாத், வடநாட்டாரின் லோகார், தமிழரின் கொல்லன் என அப்பட்டியல் நீளும். இவையனைத்தும் இரும்பு வேலை செய்வோனைக் குறிப்பன. ஆதலின் தொழிலாற் பெயர் பெறுதல் உலகப் பொதுவழக்கு. ஆதலின் நம் நாட்டுச் சாதிப்பெயர்களும் அப்பொதுவழக்கின் ஒரு கூறே என்பது அதிலிருந்து பெறப்படும் முடிபு. வேறு சில கட்டுரைகள் இன்னும் ஒருபடி மேற்சென்று, சங்கப் புலவர் பெயர்களைச் சான்றுகாட்டி, ஐரோப்பியர்க்கு ஆயிரம் ஆண்டு முன்னரே தமிழரிடம் தொழில்வழிக் குடும்பப் பெயர் நிலவிற்று எனப் பெருமிதம் கொள்கின்றன. முன்னையது பிழை. பின்னையது பிழையின்மேல் எழுந்த பெருமிதம். இவ்விரண்டையும் மறுத்தற்கே இக்கட்டுரை எழுதப்பெறுகிறது. (‘தொழிற்பெயர்’ என்பது இலக்கணத்தில் வேறு பொருள் உடைமையின், ‘தொழில்வழிப் பெயர்’ என்னும் தொடரே ஈண்டு ஆளப்படுகிறது.)

ஸ்மித் என்னும் பெயர்

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மித்’ என்பது உலோகத்தை அடித்து உருவாக்குவோனைச் சுட்டும் பொதுச்சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் ஒரே இயற்பெயர் கொண்டார் பலர் ஓரூரில் வாழும் நிலை மிகுந்தது. வில்லியம்களும் ஜான்களும் பெருகினர். ஊர், தந்தை பெயர், உடற்குறி, தொழில் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை அடையாகச் சேர்த்தாலன்றி வரி தண்டுவோர்க்கும் நில ஆவணம் எழுதுவோர்க்கும் ஆளை வேறுபடுத்துதல் அரிதாயிற்று. தொடக்கத்தில் இவ்வடை அவ்வாளோடு தோன்றி அவ்வாளோடு மறைந்தது. 1400-ஐ ஒட்டிய காலத்திற்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது மகனுக்கும் பெயரனுக்கும் இறங்கும் குடும்பப் பெயராக நிலைபெற்றது.

இந்நிலைபேற்றின் பொருள் யாது என்பதைப் பட்டியல் போடுவோர் கருதுவதில்லை. பெயர் பரம்பரையாயிற்று என்றால் தொழில் பரம்பரையாயிற்று என்பது பொருளன்று. உண்மை அதற்கு நேர்மாறானது. கொல்லன் மகன் ஏர் பிடித்தாலும், கம்பளி விற்றாலும், கப்பலேறினாலும் அவன் ஸ்மித் என்றே அழைக்கப்பட்டான். சொல் தொழிலைச் சுட்டும் ஆற்றலை இழந்தபோதுதான் அது குடும்பப் பெயர் ஆயிற்று. பொருள் தேய்ந்த சொல்லே குடும்பப் பெயர் என்று கூறினும் அமையும்.

பெயரின் பெருவழக்கு குறித்தும் ஒரு தவறான கருத்து உலவுகிறது. இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளின் பதிவுத்துறை 1853-ஆம் ஆண்டைக்கு மதிப்பிட்டவாறு ஸ்மித் பெயருடையார் ஏறத்தாழ 2,53,600 பேர். அஃதாவது 73 பேர்க்கு ஒருவர். அமெரிக்காவின் 2010 மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் இவர்தம் தொகை 24,42,977. இவ்வெண்களைக் காட்டி ‘அக்காலத்தில் கொல்லர் தொகை மிகுதி’ என எழுதுவோர் உளர். அங்ஙனமாயின் இடைக்கால இங்கிலாந்தில் மிகப் பெரும்பான்மையரான உழவர்தம் பெயரன்றோ முதலிடம் பெற்றிருத்தல் வேண்டும்? ஃபார்மர் என்னும் குடும்பப் பெயர் அருகியே வழங்குகிறது. அதுவும் தோற்றத்தில் உழவனைக் குறித்ததன்று, வரியையோ வருவாயையோ குத்தகைக்கு எடுத்துத் தண்டுவோனைக் குறித்தது. ஊரார் அனைவரும் உழவராயிருக்க, ஒருவனை மட்டும் உழவன் என்றழைத்து வேறுபடுத்துதல் யாங்ஙனம் இயலும்? கொல்லனோ ஊர்க்கு ஒருவன். அவன் தொழில் அவனை ஏனையோரினின்றும் பிரித்தது. ஊர்தோறும் ஒருவன் இருந்தமையால் ஊர்தோறும் அப்பெயர் தனித்தனியே முளைத்தது. ஆகவே ஸ்மித்துகளின் பெருக்கம் ஒரு குலத்தின் பெருக்கமன்று. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிங், ஜாப்ளிங் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட மரபணு ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. அரிய குடும்பப் பெயர்களை உடையோரிடம் தந்தைவழி மரபணு ஒற்றுமை மிக்கிருக்க, ஸ்மித் பெயருடையாரிடம் அவ்வொற்றுமை தென்படவில்லை.

வழக்கின் அளவை வட்டார மொழியும் தீர்மானிக்கிறது. நெய்த துணியை நீரில் மிதித்துத் திண்மையாக்கும் தொழிலோன் இங்கிலாந்தின் வடபகுதியில் வாக்கர் எனவும், தென்மேற்கில் டக்கர் எனவும், தென்கிழக்கில் ஃபுல்லர் எனவும் வழங்கப்பட்டான். தொழில் ஒன்று, பெயர் மூன்று. எனவே எண்ணிக்கை மூன்றாகப் பிரிந்தது. இரும்படிப்போனுக்கோ நாடெங்கும் ஒரு சொல்லே வழங்கியது. நெசவிலும் இவ்வாறே வெப், வெப்ஸ்டர், வீவர் என்னும் பிரிவுண்டு. இவற்றுள் ‘ஸ்டர்’ என்னும் ஈறு முற்காலத்தில் பெண்பால் உணர்த்தியது. நெய்பவளையும் அடுமனையாளையும் குறித்த சொற்களே பிற்காலத்தில் வெப்ஸ்டர், பாக்ஸ்டர் என ஆண்மக்கள் வழி இறங்கின என்பது சுவையான செய்தி.

அமெரிக்க எண்ணிக்கை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2010 கணக்கெடுப்பில் ஸ்மித் பெயருடையாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் தம்மைக் கறுப்பினத்தவர் எனப் பதிந்தவர். இவருட் பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அடிமைப்படுத்தியோன் பெயரைச் சுமந்தோரும், விடுதலைக்குப் பின் பொதுவழக்கான ஒரு பெயரைத் தாமே தேர்ந்தோரும் அவர்தம் முன்னோருள் உண்டு. அமெரிக்கா சென்ற செருமானிய ஷ்மிட்டுகள் பலரும் ஸ்மித் ஆயினர். இங்கிலாந்தின் ஊர்க்கொல்லனுக்கும் இவர்க்கும் குருதித் தொடர்போ உலைக்களத் தொடர்போ தேடுவது வீண். சொற்பொருளை மட்டும் வைத்து வரலாறு எழுத இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சங்கப் புலவர் பெயர்கள்

இனிப் பெருமிதக் கட்டுரைகளின் சான்றுகளுக்கு வருவோம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், வெண்ணிக் குயத்தியார் ஆகிய பெயர்கள் தொழிலைச் சுட்டுவன என்பதில் ஐயமில்லை. இவை குடும்பப் பெயர்களா என்பதே வினா.

விடை அப்பெயர்களுக்கு உள்ளேயே கிடக்கிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரை நோக்குக. கணக்காயர் என்பது ஆசிரியத் தொழில் குறித்தது. அது குடும்பப் பெயராக இறங்கியிருப்பின் மகனும் ‘கணக்காயன் நக்கீரன்’ ஆகியிருப்பார். ‘கணக்காயனார் மகனார்’ எனச் சுற்றி வளைத்துக் கூறவேண்டிய தேவை எழுந்திராது. முல்லைப்பாட்டின் ஆசிரியர் பெயரும் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்றே அமைந்துள்ளது. தந்தையின் தொழில் தந்தையிடமே நின்றுவிட்டது. மகனிடம் வந்தது மகன்மை ஒன்றே. நம் ஆய்வாளர் இப்பெயர்களை நூறுமுறை எடுத்தெழுதியும் ‘மகனார்’ என்னும் சொல்லை ஒருமுறையேனும் நின்று நோக்காதது வியப்பே.

இப்பெயர்கள் பாடல் தொகுத்தோர் இட்டவையாகலாமே, இவற்றை எங்ஙனம் நம்புவது எனின், கல்வெட்டு துணைநிற்கிறது. அழகர்மலைத் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் மதுரைப் பொற்கொல்லனும், உப்பு வணிகனும், கொழு வணிகனும் காணப்படுகின்றனர். புகலூரில் கருவூர்ப் பொன்வணிகன் காணப்படுகிறான். ஆண்டும் ஊர், தொழில், இயற்பெயர் என்னும் அமைப்பே பெரிதும் பயில்கிறது. இன்னான் இன்ன தொழில் செய்கிறான் என்பதே அக்கூற்றின் பொருள். செய்யாத தொழிலைப் பெயராகச் சுமப்பார் அவற்றுள் இருந்தனர் என்பதற்குச் சான்று காட்டுவார் இலர்.

தொல்காப்பியமும் இதற்கு மாறுபடவில்லை. சிறப்பால் அமைந்த பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருதல் கிளவியாக்கம் கூறும் மரபு. பெயரியலோ உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்துக் குடிப்பெயரை ஒன்றாகவும் வினைப்பெயரைப் பிறிதொன்றாகவும் எண்ணுகிறது. பிறப்பால் வரும் பெயர் வேறு, செயலால் வரும் பெயர் வேறு என்னும் தெளிவு அவ்வாசிரியர்க்கு இருந்தது. அவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பட்டியலிடும் நமக்குத்தான் இல்லை.

தொழில் பிறப்பாகியபோது

ஆங்கிலேயரிடம் பெயர் பரம்பரையாகித் தொழிலினின்றும் விடுபட்டது. இந்நாட்டிலோ தொழிலே பரம்பரையாக்கப்பட்டு, அதன் பெயர் ஒரு கூட்டத்தின் பெயராய் இறுகிற்று. கருவூர்க் கோயிலில் கோனேரின்மைகொண்டான் பெயரால் பொறிக்கப்பட்ட ஆணையொன்று கொங்கு நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தீமைகட்கு இரட்டைச் சங்கு ஊதலாம், கொட்டு முழக்கலாம். வெளியே செல்லும்போது காலில் செருப்பணியலாம். வீட்டுச் சுவர்க்குச் சாந்து பூசலாம். உரிமை வழங்கியதைப் போற்றுவோர், அவ்வாணைக்கு முன்னர் அவை மறுக்கப்பட்டிருந்தன என்பதையும் உடன்கூற வேண்டாவா? இங்கிலாந்தில் ஸ்மித் எவனும் தன் பெயர் காரணமாகச் செருப்பணிய அரசாணை வேண்டி நின்றதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசப் பெருந்தச்சன் எனச் சிறப்பிக்கப்படும் குஞ்சரமல்லனும் உளன். அரசன் பெயரைத் தாங்கிய அப்பட்டம் ஒருவனது திறனுக்குக் கிட்டியது. கூட்டத்தின் நிலையை அது மாற்றிவிடவில்லை.

எனவே ‘கொல்லன் எனில் ஸ்மித்’ என்பது அகராதிக்குப் பொருந்தும். சமூக வரலாற்றிற்குப் பொருந்தாது. லோகார், குமார் முதலிய வடநாட்டுச் சாதிப்பெயர்கட்கும் இஃது ஒக்கும். இது கீழை நாடு, மேலை நாடு என்னும் வேறுபாடன்று என்பதையும் சொல்லல் வேண்டும். பம்பாய்ப் பார்சிகள் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கொண்ட இஞ்சினியர், கண்டிராக்டர், பாட்லிவாலா போன்ற பெயர்கள் ஸ்மித்தோடு முற்றும் ஒப்பன. ஃபரூக் இஞ்சினியர் இந்திய மட்டைப்பந்தாட்ட அணியின் விக்கெட் காப்பாளர். நரி கண்டிராக்டர் அவ்வணியின் தலைவர். ஒருவரையும் அணைகட்ட எவரும் அழைத்திலர். பெயர் தொழிலை விட்டதா, விடுவதற்கு வழியிருந்ததா என்பதே உரைகல்.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துதல் வெறும் சொல்லாய்வுப் பிடிவாதமன்று. ‘உலகெங்கும் உள்ளதே’ என்னும் ஒப்பீடு, சாதியை ஒரு பெயரிடு முறையாகச் சுருக்கி, அதன் கட்டாயத்தை மறைத்துவிடுகிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயர்க்குப் பின்னுள்ள சாதிப்பட்டத்தை நீக்குமாறு கேட்டது எதற்காக? 1953-இல் சென்னை மாகாணத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் செய்யும் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது மக்கள் அதனைக் ‘குலக்கல்வி’ என்றழைத்து எதிர்த்தது எதற்காக? அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 2023-இல் நடுவணரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தை அன்றைய வடிவில் செயற்படுத்த இயலாதெனத் தமிழ்நாட்டரசு 2024 நவம்பரில் தெரிவித்தபோது எழுந்த விவாதத்தின் நடுவிலும் குடும்பம், தொழில் என்னும் இவ்விணைப்பே நின்றது. பெயர் வெறும் பெயராயிருந்தால் இத்துணைப் போராட்டம் எழுந்திராது.

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகட்கு இத்துறையில் ஒரு வாய்ப்புண்டு. வடமாநில அலுவலகப் படிவங்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட இசைவதில்லை. நம் மாணவர் சாதிப்பட்டம் எழுத மனமின்றித் தந்தையின் இயற்பெயரை ஆண்டு எழுதுகின்றனர். பின்னர் அவர்தம் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அதே பெயர், இப்போது பாட்டனார் பெயர், குடும்பப் பெயராக இறங்குகிறது. இடைக்கால இங்கிலாந்தில் வரி எழுத்தர் கையால் நிகழ்ந்ததற்கு நிகரானதொன்று இன்று நம் மாணவர் வீடுகளில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. இதனைத் தொகுத்து ஆய்வார் இலர். ஸ்மித், ஷ்மிட், கொல்லன் என்னும் பட்டியலைப் படியெடுப்பார் பலர்.